மழைக்காலத்தில் நண்பர்களோடு அந்தமான்: காரைக்குடிப் பக்கமிருந்து முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, முதுகில் ஒரு பையோடு, மழை மாதங்களில் அந்தமான் தீவுகளுக்குப் போவதற்கான வழிமுறை இது. அங்கே மே மாதக் கடைசியில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை நிற்காது. அப்புறம் நம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு இன்னொரு சுற்று. ஆடியில் நம் ஊரில் புழுதிக் காற்று அடிக்கும்போது அங்கே கொட்டித் தீர்க்கும். ஊர் வெயிலைப் பார்த்து மூட்டை கட்டுகிறவர்கள் முதலில் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையிலும் காற்றிலும் தீவில் நடப்பது வேறு, புயலில் போய் நிற்பது வேறு. இது முதலாவதற்கான வழிகாட்டி. புயல் அறிவிப்பு வந்த பிறகு கிளம்புவதற்கு எந்த வழிகாட்டியும் கிடையாது.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கும் அறையை முதலில் பிடிக்கிறார்கள், பிறகு பை வாங்குகிறார்கள், படகைக் கடைசியில் பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கடலைக் கடக்கும் நாட்களை முதலில் குறித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி வையுங்கள்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

நான்கு பேர் நல்ல கணக்கு. இரண்டு அறை, இரண்டு ஸ்கூட்டர், ஒருவருக்கு உடம்பு முடியவில்லையென்றால் ஒருவர் துணைக்கு இருக்க, மற்ற இருவர் அலைய. ஆறேழு பேரானால், ரத்தான படகுக்கு மாற்றாக வரும் படகில் எல்லோருக்கும் சேர்ந்து இடம் கிடைப்பது கஷ்டம்.

கடல் விஷயத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம். படகு ஏறுவதோ தண்ணீரில் இறங்குவதோ, ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோருக்கும் வேண்டாம். இதை ஊரிலேயே வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். கரையில் நின்று முடிவெடுத்தால், பயப்படுகிறவர் கூட்டத்துக்காகச் சும்மா இருந்துவிடுவார்.

யாருக்கெல்லாம் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), பரீட்சை, அலுவலகத்தில் தள்ளமுடியாத வேலை இருக்கிறது என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் தேதியை மாற்றுங்கள். அவசரத்தில் இருப்பவர் மோசமான கடலிலும் படகேறச் சொல்வார்.

பணத்தை ஒருவர் கையில் கொடுங்கள். தலைக்கு மூன்று நாள் தங்கும் செலவை "மாட்டிக்கொண்டால்" என்று தனியே ஒதுக்கி வையுங்கள். தினமும் இரவு கணக்கெழுதி முடித்துவிட்டால் மனத்தாங்கல் வராது. ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது சிரமமில்லை.

பயணத் திட்டம், படகு எண், தங்குமிட எண் எல்லாவற்றையும் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். "இரண்டு நாள் போன் வராமல் இருக்கலாம், பயப்படாதீர்கள்" என்றும் சொல்லிவையுங்கள்.

2. நாட்களைப் பிரிப்பது

2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான ஒரு புயல் சின்னத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. அதே சின்னம்தான் பிறகு வர்தா புயலாகி 12-ம் தேதி சென்னையைத் தாக்கியது. தீவில் படகு நிற்கலாம், சில நாள் கழித்துச் சென்னையில் விமானமும் நிற்கலாம். ஆகவே இரண்டு முனையிலும் இடைவெளி விட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இது. முதல் நாள் காரைக்குடியிலிருந்து அதிகாலைப் பல்லவன் ரயிலில் சென்னை, இரவு அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் விமானம், போர்ட் பிளேரில் தங்கல். (2024 முதல் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் பழைய பெயரும் ஓடுகிறது.) மூன்றாம் நாள் படகில் சுவராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக். நான்கும் ஐந்தும் அங்கே. ஆறாம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுவது. ஏழும் எட்டும் அங்கேயே. ஒன்பதாம் நாள் விமானம்.

கடைசி இரண்டு நாள் வீண் என்று எல்லோரும் சண்டை போடுவார்கள். வீணில்லை. ஆறாம் நாள் படகு ரத்தானால் ஏழு, ஏழும் போனால் எட்டு என்று விமானத்தைக் காப்பாற்றுவது அந்த இரண்டு நாள்தான். படகு ஒழுங்காக ஓடிவிட்டால் செல்லுலார் சிறை, சிடியாடாப்பு, வண்டூர் என்று சாலையிலேயே போய்வர இடங்கள் இருக்கின்றன.

நீல் எனப்படும் ஷாஹீத் தீவையும் சேர்க்கலாமா என்றால், முதல் தடவை வேண்டாம் என்பேன். ஒவ்வொரு கடல் கடப்பும் ரத்தாகக்கூடிய இன்னொரு நாள்.

3. டிக்கெட் எடுக்கும் வரிசை

முதலில் விமானம். அடுத்தது, தீவிலிருந்து திரும்பும் படகு. அதற்கப்புறம்தான் போகும் படகு. திரும்பும் நாளில், முந்தைய நாள் ரத்தான படகின் ஆட்களும் சேர்ந்து வந்து நிற்பார்கள். உறுதியான டிக்கெட் கையில் இருப்பது அப்போது பெரிய விஷயம்.

இரண்டு வழிக்கும் காலைப் படகையே பிடியுங்கள். காலையில் ரத்தானால் மதியத்துக்கு முயற்சி செய்யலாம். மதியப் படகு போய்விட்டால் அன்றைய நாளே போய்விட்டது.

அரசுப் படகு இரண்டு இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்றுக்கு நிற்கலாம். தனியார் படகு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஆனால் மூடிய அறைக்குள் இருக்கை, கடல் புரண்டால் வயிறும் புரளும். வாந்தி வரும் உடம்புக்காரர் இருந்தால் அரசுப் படகுதான் நல்லது. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும். தனியார் படகு எந்தத் துறை என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். துறை மாறிப் போய் நிற்பது புதியவர்கள் அடிக்கடி செய்வது.

அறையில் முதல் இரவையும் கடைசி இரண்டு இரவையும் மட்டும் உறுதி செய்யுங்கள். நடுவில் உள்ளதைப் பணம் திரும்பும் முறையில் எடுங்கள். தீவில் ஓலைக் குடில் படத்தில் அழகாக இருக்கும். இந்த மாதங்களில் கான்கிரீட் கூரை உள்ள அறையாகக் கேட்டுப் பிடியுங்கள்.

4. பை கட்டுவது

40 லிட்டர் பை போதும். தண்ணீரோடு சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் போக வேண்டாம். வழுக்கும் படகுப் பலகையில் ஏறி இறங்கும்போது கனமான பைதான் ஆளைச் சாய்க்கும்.

பைக்கு மேலே மாட்டும் மழை உறையை நம்பி எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிடுகிறார்கள். அந்த உறை முன்பக்கத்தைத்தான் மூடும். முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் தண்ணீரை அது தடுக்காது. காற்று பலமாக அடித்தால் கழன்று பறந்தும் போகும். அதனால் பாதுகாப்பை உள்ளேயிருந்து தொடங்குங்கள். பைக்குள் முதலில் ஒரு தடித்த பாலித்தீன் உறை. சர்க்கரை மூட்டைக்கு உள்ளே இருக்குமே, அந்த மாதிரி கனம். எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் போடுங்கள். மேலுறை அதற்கு அப்புறம் வரும் கூடுதல் காவல்தான்.

உள்ளே மூன்று சிறு பொட்டலம் தனித்தனியே. ஒன்று, இரவில் உடுத்த ஒரு செட் காய்ந்த துணி. இதை எவ்வளவு நனைந்தாலும் பகலில் எடுக்கக் கூடாது. உடம்பு சூடேற காய்ந்த துணி ஒன்று கட்டாயம் மிஞ்ச வேண்டும். இரண்டு, போன், பவர் பேங்க், ஆவணம், பணம். மூன்று, மருந்து.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், அங்குள்ள ஈரக் காற்றில் மூன்று நாளானாலும் காயாது. பாலியஸ்டர் பேன்ட் இரண்டு, பனியன் மூன்று போதும். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. பிழிந்து உதறினால் அரை நாளில் காய்ந்துவிடும், தலைக்கும் கட்டலாம்.

குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். மழைக் கோட்டு, அதுவும் மேல்சட்டை தனி, கால்சட்டை தனி என்று இருப்பது. போஞ்சோ மாதிரி விரிந்து தொங்குவது காற்றில் படபடத்து நடக்கவிடாது.

காலுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு ஒன்று, பிடிப்புள்ள ஷூ ஒன்று. ரப்பர் செருப்பில் பாறை ஏறவே கூடாது. நெற்றியில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று. நம் நேரக் கணக்குதான் அங்கேயும், ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம். கார்த்திகையில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் போடும் பையில் விடமாட்டார்கள். லைட்டர், அடுப்பு கேஸ் டப்பா, கொப்பரைத் தேங்காய் மூன்றும் விமானத்தில் சிக்கல். வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

5. ஊரில் ஒரு சோதனை

பையைக் கட்டி முடித்ததும் வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) வையுங்கள். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்துக்கு நேர் கீழே கால் மணி நேரம். ஆடியில் மழை ஏது? மோட்டார் ஹோஸைத் திறந்து நாலாபக்கமும் அடியுங்கள். அப்புறம் பிரித்து ஒவ்வொரு பொட்டலமாகத் தொட்டுப் பாருங்கள். எது ஈரமோ அதன் கட்டு சரியில்லை. தீவில் தெரிவதைவிட வளவில் தெரிவது நல்லது.

அடுத்து, ஷூவை நனைத்துப் போட்டுக்கொண்டு, முழுப் பையோடு காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு நடங்கள். சுமார் பத்து கிலோமீட்டர். நால்வரும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். யார் வேகம், யார் மெதுவு, யாருக்குக் குதிகாலில் கொப்புளம் வரும் என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். மெதுவானவரை முன்னால் விட்டு நடக்கப் பழகுங்கள், தீவிலும் அதே வரிசை.

கால் பராமரிப்புக்கு, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற பெரியவர்களைக் கேளுங்கள். நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். விரலிடுக்கில் வாசலின் தடவுவது, உரசல் தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுவது, இரவில் காலை நன்றாகக் காயவிடுவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஈரக் காலோடு தூங்கினால் தோல் ஊறி வெடிக்கும், மறுநாள் நடை அதோடு சரி.

6. தின்பண்டமும் மருந்தும்

கிளம்பும்போது வீட்டில் தேன்குழலும் சீப்புச் சீடையும் கட்டிக் கொடுப்பார்கள். அதைச் சென்னைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கடல் காற்றில் ஒரே நாளில் நமுத்துவிடும். தாங்குவது பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய், பருப்புப் பொடி, அவல். அவலை எடுத்துப் போகச் சொல்வதற்குக் காரணம், அடுப்பே தேவையில்லை. மின்சாரம் போய் ஹோட்டல் மூடிய நாளில் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையோ பருப்புப் பொடியோ போட்டுச் சாப்பிட்டுவிடலாம். தலைக்கு அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைக் கிளம்ப ஒரு வாரம் முன்பே குடும்ப மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கடல் குமட்டலுக்கு மாத்திரை, உப்புச் சர்க்கரைத் தூள், காய்ச்சல் மாத்திரை, புண்ணுக்குக் களிம்பு, கொசு விரட்டி. எலிக்காய்ச்சல் பற்றியும் கேளுங்கள். அந்தமானில் அது பழைய பிரச்சினை. தேங்கிய மழைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே தொற்றிவிடும். முன்தடுப்பு மாத்திரை தேவையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

7. வானிலை அறிவிப்பைப் படிப்பது

நம் ஊரில் ஒரு புயலை நான்கைந்து நாள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே இருப்போம். "அந்தமான் அருகே உருவானது, மேற்கு வடமேற்காக நகர்கிறது" என்று அறிவிப்பு தொடங்கும். நீங்கள் அந்தமானில் இருந்தால் அந்த முதல் வரியே உங்கள் தலைக்கு மேலே நடப்பது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அங்கே கிடைக்காது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சொற்களுக்குக் கணக்கு உண்டு. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-லிருந்து புயல். தாழ்வுப் பகுதி என்பது இதற்கெல்லாம் முந்தைய நிலை.

இதை வைத்து இப்படி நடந்துகொள்ளுங்கள். அந்தமான் கடலில் தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு என்று செய்தி வந்தால் புதிய தீவுக்குப் போகாதீர்கள். தாழ்வுப் பகுதி உருவாகிவிட்டது என்றால் அடுத்த படகிலேயே போர்ட் பிளேருக்குத் திரும்புங்கள். தாழ்வு மண்டலம் என்று அறிவிக்கும் வரை காத்திருந்தால் படகை நிறுத்தியிருப்பார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் கேளுங்கள். ஒன்றும் இரண்டும் தூரத்தில் சின்னம் இருப்பதைச் சொல்வது. மூன்றும் நான்கும் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. ஐந்திலிருந்து அபாயம். பாம்பன் கூண்டுச் செய்தி கேட்டு வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

காலை எழுந்ததும், மாலை படுக்குமுன் என்று இரண்டு வேளை பாருங்கள். ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். வானிலைத் துறை அறிவிப்பு முதலில், அலை உயரத்துக்கு இன்காய்ஸ் எனப்படும் தேசியக் கடல் தகவல் மையத்தின் அறிவிப்பு அடுத்து. போனில் வண்ணப்படம் காட்டும் செயலிகள் அதற்குப் பிறகு.

8. படகு ஏறும் நாள்

வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், நிரப்பவும் வேண்டாம். இரண்டு இட்லி சரி, பூரி கிழங்கு வேண்டாம். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், ஆட்டம் அங்கே குறைவு. போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா ஒன்று வாயில் இருக்கட்டும்.

உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்ததும் பாருங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைப் படகில் இருக்கும்வரை கட்டாதீர்கள். ஏதாவது ஆனால் உடனே கழற்ற வேண்டியிருக்கும்.

அசல் அடையாள அட்டை கையில். ரொக்கம் நூறும் ஐம்பதுமாக. மின்சாரமோ இணைப்போ போனால் ஏடிஎம், யுபிஐ இரண்டும் ஒன்றாகவே நிற்கும்.

9. தீவில் நடப்பதும் தண்ணீரில் இறங்குவதும்

விடியல் ஐந்து மணிக்கே வந்துவிடும். நடையை அப்போதே தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். சாலையிலும் தெரிந்த பாதையிலும் மட்டும். பலத்த காற்று நாளில் காட்டுப் பாதை வேண்டாம், பெரிய மரங்களின் கிளை முறியும். தென்னை மரத்தடியில் நிற்காதீர்கள், மட்டையும் காயும் விழும், இடியும் அங்கேதான் இறங்கும்.

இடிச் சத்தம் கேட்டாலே கடற்கரையை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே.

கடலில் இறங்குவதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும். அந்த இடம் பத்திரம் என்று நினைத்து இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழி அதுதான். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம்.

ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம் இரண்டிலும் உப்புநீர் முதலை உண்டு. சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை அருகிலேயே 2010-ல் ஒரு பயணியை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாதீர்கள். மழையில் கலங்கிய தண்ணீரில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

கூடாரம் அடிப்பதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் இந்த மாதங்களில் அறையே சரி. பவளத் துண்டு, சங்கு எதையும் பொறுக்கி எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம். பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் போவதும் அப்படியே.

அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. டீக்கடையில் "அண்ணே, கடல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

10. மாட்டிக்கொண்டால்

படகு ரத்து என்று தெரிந்ததும் முதல் வேலை அறையை நீட்டிப்பது. துறைக்கு ஓடுவது இரண்டாவது. மற்ற எல்லோருக்கும் அதே நேரம் அறை வேண்டியிருக்கும். அடுத்து, குடிதண்ணீர், பாத்திரம், பவர் பேங்க் மூன்றையும் நிரப்புங்கள். பிறகு ஒருவர் மட்டும் துறைக்குப் போய் மறுபடி படகு எப்போது என்று கேட்டு, பெயர் பதிவு நடந்தால் நால்வர் பெயரையும் எழுதிவிட்டு வரட்டும். எல்லோருமாய் மழையில் வரிசையில் நிற்பதில் பயனில்லை.

வீட்டுக்கு ஒரே குறுஞ்செய்தி, பத்திரமாக இருக்கிறோம், எந்த அறை, யாருடைய எண் வேலை செய்கிறது. குரல் அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரும். ஒரு போன் மட்டும் இயக்கத்தில் இருக்கட்டும், மற்றவை அணைத்தபடி. அவசரத்துக்கு 112. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554.

காற்று உச்சத்தில் இருக்கும்போது கண்ணாடிச் சன்னலை விட்டு விலகி உள்சுவர் ஓரம் இருங்கள். திடீரென்று காற்று நின்று வானம் வெளுத்தால் வெளியே வராதீர்கள். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது அப்படித்தான் இருக்கும், மறுபக்கக் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். அறிவிப்பு வந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

சின்னப் படகுக்காரர் யாராவது அதிகப் பணத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் ஏறாதீர்கள். பெரிய கப்பலே நிற்கும் கடல் அது.

11. ஊர் திரும்பியதும்

பை, செருப்பு, மழைக் கோட்டு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உப்பு தங்கினால் ஜிப் இறுகிவிடும். ரத்தான படகுக்குப் பணம் திரும்ப வாங்க டிக்கெட்டையும் ரத்துச் செய்தியையும் பத்திரமாக வையுங்கள்.

திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று யாருக்காவது வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் போய் அந்தமானில் மழைத் தண்ணீரில் நடந்தேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும். மற்ற மூவருக்கும் அன்றே தெரியப்படுத்துங்கள், அவர்களும் அதே தண்ணீரில்தான் நடந்திருப்பார்கள்.